மறுபூஜை வரைக்கும் யாரும் தொடக்கூடாது

இந்தாங்க தம்பி, பையை அப்படியே கவுத்துராதீங்க, பொரி கொட்டும். ஒவ்வொண்ணா எடுங்க. இது எங்க வீட்ல அவுகளோடது. இது என்னோடது. இந்தப் பட்டன் ஃபோன் மில்லுல கிடக்கிறது. பூப்போட்ட கவர் போட்டிருக்கே, அது எம் பொண்ணோடது. எல்லாத்துக்கும் ஒரே சீக்குதான். சார்ஜர் சொருகுற ஓட்டைக்குள்ள சந்தனம்.

ஆமா, சந்தனம்தான். மேல குங்குமம். ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? நல்ல சந்தனம் தம்பி, கல்லுல உரசினது. பவுடர் இல்ல.

ஊதிப் பார்த்தாச்சு. ஊக்கை விட்டு நோண்டியும் பார்த்தாச்சு. அதுல என்னோட ஃபோனுக்குள்ள ஏதோ கடக்குன்னுச்சு, அதோட விட்டுட்டேன். அதைக் கடைசியாப் பாருங்க. இல்ல இல்ல, அதை முதல்ல பாருங்க. அதுலதான் எம் மகன் வருவான்.

நான் இப்படி ஸ்டூல்ல உட்காந்துக்கிறேன். மாடி ஏறினது மூச்சு வாங்குது. எம் பொண்ணு, "நீ ஏம்மா மாடி ஏறணும், நானே சாயந்தரம் கொண்டு போய்க் குடுத்துட்டு வாரேன்"னு ஒத்தக்கால்ல நின்னா. தாய் மேல அம்புட்டு பாசம். அவ பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்னு காத்திருந்து நானே கிளம்பி வந்துட்டேன். பாவம், கம்ப்யூட்டர் டீச்சரு, நாள் பூரா நின்னு கத்திட்டு வர்ற பிள்ளை. அவளை எதுக்கு அலைய விடணும்?

ஃபேன் போடலையா தம்பி? உங்களுக்கு வேர்க்குது பாருங்க.

எப்படி நாலு ஃபோனுலயும் சந்தனம் போச்சுன்னுதான கேக்கிறீங்க. சொல்றேன். யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க. எங்க வீட்ல எல்லாரும் எம் மேலதான் தப்புங்கிறாக.

முதல்ல எங்க வீட்டைப் பத்திச் சொல்லணும். எங்களுக்கு மாவு மில்லு. அவுக காலைல எந்திரிச்சதும் எம் முகத்தைப் பார்க்கிறதில்ல, ஃபோனைத்தான் பார்க்கிறது. அதை நான் குறையாச் சொல்லல. எம் முகத்தை முப்பது வருசமாப் பார்த்தாச்சு, அதுல புதுசா என்ன வந்திருக்கப் போகுது? ஆனா எங்க வீட்டுக் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நாலு எட்டுதான் தம்பி. அங்கேர்ந்து எனக்கு மெசேஜ் வருது, காபின்னு. நான் உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற படத்தை அனுப்பணும். அனுப்பினாத்தான் அவுகளுக்கு நிம்மதி. ஒருநாள் படத்தை அனுப்பிட்டுக் காபி போட மறந்துட்டேன். அவுக கேக்கவே இல்ல. விரலைப் பார்த்ததுமே குடிச்ச மாதிரி ஆயிருச்சு போல.

மகன் கதிரேசன் மஸ்கட்ல இருக்கான். ராத்திரி சாப்பாட்டுக்கு அவனும் உட்காருவான். எப்படிங்கிறீங்க, என் ஃபோனை ரசச் சொம்புல சாய்ச்சு வச்சிருவேன், அதுக்குள்ள உட்காந்து அவன் சாப்பிடுவான். ரசம் ஊத்தணும்னா அவனை எடுத்து ஓரமா வைக்கணும். "அம்மா, ஏன் தூக்குற, தல சுத்துது"ம்பான். போன வருசம் அவனுக்குக் காய்ச்சல். முகமெல்லாம் வாடிப்போய்ப் படுத்திருந்தான். நான் என்னையறியாம அவன் நெத்தியில கையை வச்சுப் பார்த்தேன். சூடாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் புத்தியில பட்டுச்சு, அது ஃபோன் சூடு.

சரி, அது கிடக்கட்டும். திருகாணியைக் கீழ போட்டுட்டீங்க பாருங்க. எனக்குக் கண்ணுல புரை விழுந்திருக்கு, தை மாசம் ஆபரேசன்னு சொல்லியிருக்காக. நான் தேடித் தர முடியாது.

எங்க விட்டேன்? ஆங், சாத்தூர்.

எம் பொண்ணு மங்கைக்கு சாத்தூர்ல ஒரு வரன் வந்துச்சு. பையனுக்கு துபாய்ல வேலை. நல்ல இடம். காரு இருக்கு, வீடு இருக்கு. பையனோட அம்மா கழுத்துல கிடக்கிற சங்கிலி இருக்கே, கிணத்துல வாளி கட்டலாம், அம்புட்டு கனம். தரகர் வேலாயுதம் கொண்டு வந்தது. லீவுல வந்திருந்த பையன் ரெண்டொரு நாள்ல திரும்பப் போறானாம், நேர்ல வந்து பார்க்க நேரமில்லையாம். சரசுவதி பூஜை அன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு நல்ல நேரம், அப்ப வீடியோவுல கூப்பிடுவோம், பையனும் பொண்ணும் முகத்தைப் பார்த்துப் பேசிட்டா தட்டை மாத்திரலாம், இல்லைன்னா கோவில்பட்டியில இன்னொரு பொண்ணு பார்த்து வச்சிருக்கோம்னு கறாராச் சொல்லிட்டாங்க. எங்க வீட்ல அவுகளுக்குத் தலைகால் புரியல. தட்டே மாத்தல, அதுக்குள்ள அந்தம்மா நம்பரை 'சாத்தூர் சம்பந்தி'ன்னு ஃபோன்ல ஏத்திட்டாக.

எனக்கும் சந்தோசம்தான் தம்பி. ஏன் இருக்காது? சந்தோசத்துல எனக்கு ரெண்டு நாளாச் சோறு இறங்கல.

பூஜைக்கு ரெண்டு நாள் முன்னாடி தரகர் மறுபடி ஒரு மெசேஜ் போட்டிருந்தாரு. அவுக கண்ணாடியைத் தேடிக்கிட்டு இருந்தாக. மங்கைதான் வாங்கி வாசிச்சா. "அப்பா, சரசுவதி பூஜை அன்னைக்கு இல்லையாம், மறுநாள் விஜயதசமி அன்னைக்குத்தான் கூப்பிடுவாங்களாம்"னா. வாசிச்ச கையோட மெசேஜ் எப்படியோ அழிஞ்சும் போச்சு. அப்புறம்தான் தெரிஞ்சது, பிள்ளை அவசரத்துல தப்பா வாசிச்சிருக்கான்னு. பாவம், அவ என்ன செய்வா? கல்யாணப் படபடப்பு.

அன்னைக்கே இன்னொண்ணும் சொன்னா. இதுதான் தம்பி எல்லாத்துக்கும் ஆரம்பம்.

எங்க வீட்ல ஆயுத பூஜைன்னா லேசுப்பட்டதில்ல. மில்லுச் சாவி, தராசு, படிக்கல்லு, அருவாமனை, கத்திரிக்கோல் எல்லாம் பூஜையில ஏறிரும். மிக்சி, கிரைண்டர், ஃப்ரிட்ஜு, வண்டி எல்லாத்துக்கும் சந்தனப் பொட்டு. பூஜையில வச்சதை மறுநாள் காலைல மறுபூஜை போடுற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. எங்க மாமியார் காலத்துச் சட்டம். ஒரு வருசம் அருவாமனையை வச்சுட்டு, காய் நறுக்க வழியில்லாம முழுக் கத்திரிக்காயைக் குழம்புல போட்டேன்.

மங்கை சொல்றா, "அப்பா, இப்ப உங்க ஆயுதம் தராசா? ஆர்டர் வர்றது ஃபோன்ல, காசு வர்றது ஃபோன்ல, மில்லுல மாவரைக்கிறவனை விரட்டுறது ஃபோன்ல. அதைப் பூஜையில வைக்காம துருப்பிடிச்ச படிக்கல்லை வச்சா லட்சுமிக்குக் கோபம் வராதா?"

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கோயிலுக்குக் கூப்பிட்டா தலைவலிங்கிற பிள்ளை. கல்யாணம் கூடி வர்ற நேரம், பக்தியும் கூடி வருதுன்னு நினைச்சேன்.

அவுக முதல்ல முடியாதுன்னுட்டாக. ஒருநாள் பூரா ஃபோனில்லாமன்னதும் முகம் வெளுத்துப் போச்சு. "உசுரைக் கழட்டி வைக்கச் சொல்றா உம் மக"ன்னாக. அப்புறம் யோசிச்சாக. யோசிச்சு என்ன செஞ்சாக தெரியுமா? ஃபோனைச் சாமி படத்து முன்னாடி வச்சு, இன்னொரு ஃபோன்ல படம் பிடிச்சு, 'உழைக்கும் கைபேசிக்கும் ஓய்வு கொடுப்போம், இந்த ஆயுத பூஜையில் அதையும் வணங்குவோம்'னு எழுதி எங்க தெரு குரூப்புல போட்டுட்டாக. அம்புட்டுதான். தெருவே கட்டைவிரலைத் தூக்கிருச்சு. ரேசன் கடைக்காரரு, எதுத்த வீட்டு சயின்ஸ் டீச்சரு, பிள்ளையார் கோயில் பூசாரி, எல்லாரும் "அருமையான யோசனை, நாங்களும் வைக்கிறோம்"னு போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் அவுகளால பின்வாங்க முடியல. மானப் பிரச்சினை ஆயிருச்சு.

பூஜையன்னைக்குக் காலைல நாலு ஃபோனையும் துடைச்சு, சரசுவதி படத்துல சாய்ச்சு நிப்பாட்டி வச்சேன். கதம்பத்தை எடுத்து ஒவ்வொரு ஃபோனுக்கும் சுத்தினேன். எங்க பொட்டு வைக்கிறதுன்னு ஒரு குழப்பம். முகத்துல வச்சா எழுத்து மறையும், முதுகுல வச்சா யாருக்கும் தெரியாது. கீழ ஒரு ஓட்டை வாகா இருந்துச்சு. வாய் மாதிரி. அதுல வச்சேன். அது தப்புன்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்? சோறு ஊட்டுற இடம்தானேன்னு நினைச்சேன்.

மங்கை கையில கட்டியிருக்கிற வாட்ச்சை மட்டும் கழட்டல. கறுப்பா, சதுரமா இருக்கும், தட்டினா வெளிச்சம் வரும். "அதையும் வையேன்டி"ன்னேன். "ராகுகாலம் பார்க்க ஒண்ணு வேணாமாம்மா?"ன்னா. நியாயம்தான. நானே சரின்னுட்டேன்.

கற்பூரம் காட்டி, சுண்டலும் பொரியும் பாயசமும் படைச்சு, எல்லாம் முடிஞ்சது. வீடு கப்புசிப்புன்னு ஆயிருச்சு. அவுக கூடத்துல உட்காந்து உள்ளங்கையைப் பார்த்தாக. அப்புறம் சுவரைப் பார்த்தாக. அப்புறம் என்னைப் பார்த்து, "நீ எப்ப கண்ணாடி போட்ட?"ன்னு கேட்டாக. நான் கண்ணாடி போட்டு நாலு வருசமாச்சு தம்பி.

நடுவுல மங்கை ஃபோன் மட்டும் அடிச்சது. பூவுக்கு நடுவுல வெளிச்சம். எனக்குத்தான் கண்ணு சரியில்லையே, கிட்டப் போய் உத்துப் பார்த்தேன். 'சார்ஜர் கடை'ன்னு வந்துச்சு. கொஞ்ச நேரத்துல தானா நின்னுருச்சு. பிறகு மறுபடி. மறுபடி நின்னுச்சு. எனக்கு ஒரே ஆச்சரியம். என்னைக்கோ ஒரு சார்ஜர் வாங்கினதுக்கு, நல்லா வேலை செய்யுதா, சூடாகுதான்னு நாளும் கிழமையுமா இப்படி விசாரிப்பாங்களா? நாங்களும் யாவாரம் பண்றோம். மாவு வாங்கிட்டுப் போனவகளை ஒருநாளாவது கூப்பிட்டு இட்லி பூப்போல வந்துச்சான்னு கேட்டிருப்போமா?

மங்கைகிட்டச் சொல்லலாம்னு தேடினா, அவ மொட்டைமாடியில நிக்கிறா. மாடி பூரா நிழல் இருக்கு, தண்ணித் தொட்டி ஓரமா. அதை விட்டுட்டு, பூஜை ரூமுக்கு நேர் மேல இருக்கிற மூலையில, உச்சி வெயில்ல நிக்கிறா. நின்னு, மணிக்கட்டை வாய்கிட்ட வச்சுக்கிட்டு என்னமோ முணுமுணுக்கிறா, சிரிக்கிறா. கையில அடிபட்டு ஊதிக்கிறாளோன்னு பயந்துட்டேன். "என்னடி"ன்னா, "சுலோகம் சொல்றேம்மா, கீழ சாமி இருக்கில்ல, அதான் நேர் மேல நிக்கிறேன்"னா. வெயில்ல நின்னு தவம் பண்ற மாதிரி. நான் சத்தம் காட்டாம இறங்கிட்டேன்.

தண்ணி குடிக்கிறீங்களா தம்பி? பையில வச்சிருக்கேன். குடிங்க. இருமுறீங்களே.

மூணு மணி. டான்னு அவுக ஃபோன் அடிச்சது. அவுக பாட்டு உங்களுக்குத் தெரியாது, நாதசுரம் வச்சிருக்காக, கல்யாண வீடு மாதிரி ஊரே கேக்கும். போய்ப் பார்த்தா 'சாத்தூர் சம்பந்தி'.

அவுக பாய்ஞ்சு வந்தாக. நான் பூஜை ரூம் வாசல்ல நின்னுட்டேன். "தொடாதீங்க"ன்னேன். "ஏய், சாத்தூர்க்காரங்கடி!" "சாமி காரியம். மறுபூஜை வரைக்கும் தொடக்கூடாது." "எடுக்கலைன்னா கோவில்பட்டிக்குப் போயிருவாங்கடி!" "போகட்டும், சாமி குத்தம் வந்து பிள்ளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா நீங்க பொறுப்பா?" பேசிக்கிட்டே இருக்கோம், ஃபோன் நின்னுருச்சு.

அவுக சட்டையை மாட்டிக்கிட்டுத் தெருவுல ஓடினாக. யார்கிட்டயாவது ஃபோன் வாங்கி சாத்தூருக்குப் பேசிரலாம்னு. எந்த வீட்டுக்குப் போனாலும், "நீங்க சொன்ன மாதிரியே வச்சுட்டோம் அண்ணாச்சி, வந்து பாருங்க"ன்னு பூஜை ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறாங்க. ஒவ்வொரு வீட்டுலயும் ஃபோன் மாலையோட நிக்குது. ரேசன் கடைக்காரரு வீட்ல சுண்டல் குடுத்து உட்காரச் சொல்லியிருக்காங்க. கடைசியா சயின்ஸ் டீச்சரு வீட்ல லேண்ட்லைன் ஒண்ணு இருந்துச்சாம். அதை எடுத்துக் காதுல வச்சதுக்கப்புறம்தான் அவுகளுக்கு ஞாபகம் வந்திருக்கு, சாத்தூர் நம்பர் தெரியாது. அது ஃபோனுக்குள்ள இருக்கு. அவுகளுக்குத் தெரிஞ்ச ஒரே நம்பர் எங்க மில்லோட பழைய நம்பர்தான். அதைப் போட்டுப் பார்த்திருக்காக. உபயோகத்தில் இல்லைன்னு சொல்லிருச்சாம்.

பிறகு பூசாரிகிட்டப் போயிருக்காக. அவரு நல்ல மனுசன். "கல்யாணக் காரியம், சாமி ஒண்ணும் சொல்லாது, ஒரு கும்பிடு போட்டுட்டு எடுத்துக்கங்க அண்ணாச்சி"ன்னுட்டாரு. அவுக வேர்த்து விறுவிறுத்து வந்து, "பூசாரியே சொல்லிட்டாரு, தள்ளு"ங்கிறாக.

நான் தள்ளல.

அவரு பிள்ளையார் கோயிலுக்குப் பூசாரி. எம் பூஜை ரூமுக்கு நான்தான் பூசாரின்னேன். எனக்கே அந்தத் தைரியம் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல. முப்பது வருசத்துல அவுகளை மறிச்சு ஒரு வார்த்தை பேசினதில்ல. சாமிதான் பேச வச்சிருக்கணும். வேற என்ன காரணம் இருக்கப் போகுது?

அப்ப மறுபடி நாதசுரம். இந்தத் தடவை அவுக ஒரு சூழ்ச்சி பண்ணினாக. "கையாலதான தொடக்கூடாது?"ன்னாக. வெளக்குமாத்துக் குச்சியை உருவி வாசல்ல இருந்தே நீட்டி ஃபோனைத் தட்டினாக. அது ஏத்துக்கல. வேற எதை எடுத்து நீட்டுறது, கத்திரிக்கோலும் தராசும் பூஜையில. அப்புறம் எங்க இருந்து அந்த யோசனை வந்துச்சோ, படையல் தட்டுல இருந்த வாழைப்பழத்தை எடுத்து நீட்டி, ஃபோன் முகத்துல ஒரு இழுப்பு இழுத்தாக பாருங்க. அது எடுத்துருச்சு! வாழைப்பழத்துக்கு எடுக்கும்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி? படிச்சவுக உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

இப்ப நீங்க சாத்தூர்ல உட்காந்திருக்கீங்கன்னு வச்சுக்கங்க. ஃபோன்ல என்ன தெரியும்? ஃபோனைச் சுத்திப் பூமாலை. முன்னாடி குத்துவிளக்கு எரியுது. ஊதுபத்திப் புகை. அதுக்கு நடுவுல எங்க வீட்ல அவுக முகம், நெத்தி நிறைய விபூதி. அந்த நேரம் பார்த்து நெட்டு நின்னுருச்சு. முகம் அப்படியே, ஆடாம அசையாம, மாலைக்கு நடுவுல. சத்தம் மட்டும் கேட்டிருக்கு. என்ன சத்தம்? நான் பின்னாடி நின்னு, "ஐயோ, தொடாதீங்க! தொடாதீங்க, ஐயோ!"ன்னு கத்துறேன்.

அந்தப் பக்கம் சாத்தூரம்மா வீல்னு ஒரு அலறல். அப்புறம் பையன் குரல், "அம்மா, அவரு போயிட்டாரு போல, கட் பண்ணும்மா, கட் பண்ணும்மா"ன்னு. கட் ஆயிருச்சு.

அவுக பழத்தை ஆட்டி ஆட்டி, "இருக்கேன்! நான் இருக்கேன்!"ன்னு கத்தினாக. ஃபோன் சரிஞ்சு பாயசத்துல விழுந்துச்சு. அதுதான் இது. உள்ள ஜவ்வரிசி இருந்தா எடுத்துருங்க.

மறுநாள் காலைல மறுபூஜை போட்டுட்டு எடுத்துப் பார்த்தா, எல்லா ஃபோனும் செத்துக் கிடக்கு. சார்ஜர் சொருகினா உள்ள போகல. அந்த நேரம் தெருவுல வண்டிச் சத்தம். தரகர் வேலாயுதம். தெருமுனையிலயே வண்டியை நிறுத்திட்டு மெல்ல எட்டிப் பார்க்கிறாரு, பந்தல் போட்டிருக்கா, சங்கு ஊதுறாங்களான்னு. வாசல்ல வாழைமரம் கட்டியிருக்கு, பூசணிக்காய் உடைச்சது சிவப்பாக் கிடக்கு. அவரு கையில ரோசாப்பூ மாலை. கதவைத் திறந்தது யாருங்கிறீங்க? அவுகளேதான். தரகர் ஒரு நிமிசம் மாலையைப் பார்க்கிறாரு, அவுகளைப் பார்க்கிறாரு. அப்புறம், "ஆயுத பூஜைல்ல, வண்டிக்குப் போடலாம்னு வாங்கிட்டு வந்தேன் அண்ணாச்சி"ன்னு எங்க டிவிஎஸ்ஸுக்குப் போட்டுட்டாரு. சாவு மாலைக்கும் சாமி மாலைக்கும் வித்தியாசம் தெரியாதா எங்களுக்கு? இருந்தாலும் காபி குடுத்தோம்.

உசுரோட இருக்காருன்னு தரகர் சாத்தூர்ல போய்ச் சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்காரு. அந்தம்மா ஒத்துக்கல. "இருக்கட்டும், நல்லா இருக்கட்டும். ஆனா நான் அந்த முகத்தை மாலையோட பார்த்துட்டேன். இனிமே எதுக்க உட்கார வச்சு சம்பந்தின்னு கூப்பிட எனக்கு நாக்கு வராது"ன்னுடுச்சாம். கோவில்பட்டியில தட்டு மாத்திட்டாங்க.

மங்கைகிட்டச் சொன்னோம். "சாமி விட்ட வழி"ன்னு சொல்லிட்டு ரெண்டு தட்டு பொரி சாப்பிட்டா. பிள்ளை துக்கத்தை வெளிய காட்டல.

அன்னையில இருந்து அவுக எங்கூடப் பேசுறதில்ல. முன்னாடியும் பேசுறதில்லதான், ஆனா அப்பக் கோபம் இல்ல. "நீ தள்ளியிருந்தா எம் மக இன்னைக்கு துபாய்ல இருப்பா"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாக. ஃபோனும் இல்லையா, கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துக்கிட்டே இருக்காக. காபி வேணும்னா வந்து நிக்கிறாக, கேக்க வாய் வரல, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறாக. நானும் தூக்கிக் காட்டுறேன்.

என்னமோ நான் வேணும்னே மறிச்ச மாதிரி பேசுறாக தம்பி. சொல்லுங்க, பெத்தவ யாராவது மகளுக்கு வந்த நல்ல இடத்தை வேணும்னு கெடுப்பாளா? ஆனா ஒண்ணு. எனக்கு ரெண்டே பிள்ளைங்க. ஒருத்தனை ஃபோனுக்குள்ள போட்டு வச்சிருக்கேன். இவளும் போயிட்டா இவளையும் எடுத்துச் சொம்புல சாய்க்கணும். எங்க வீட்ல சொம்பு நிறைய இருக்கு. அதுக்காக? காய்ச்சல்னா நெத்தியைத் தொட்டா எனக்குப் பிள்ளை சூடு தெரியணும். கண்ணாடிச் சூடு தெரியக் கூடாது.

அது வேற விசயம். பூஜையன்னைக்கு நடந்தது சாமி காரியம். இதையும் அதையும் போட்டுக் குழப்பக்கூடாது.

அட, மங்கை ஃபோன் எரியுதே! உயிர் வந்துருச்சா? உங்களுக்கு நல்ல கைராசி தம்பி. ஓட்டைக்குள்ள இருந்ததையெல்லாம் எடுத்துட்டீங்களா? படமெல்லாம் தெரியுதே. அதுல கோலம் மாதிரி விரலை இழுத்தாத்தானே திறக்கும்? அவங்க அப்பா எத்தனையோ தடவை கேட்டும் அவ சொல்லிக் குடுக்கல. நானும் உங்களுக்குச் சொல்லலையே. நீங்க எப்படி...

சரி சரி, பதறாதீங்க. கடைக்காரங்களுக்குத் தெரியாத கோலமா? நான் ஒண்ணும் கேக்கல.

அந்தச் சார்ஜர் வந்த கவர்ல உங்க கடைப் பேரு போட்டிருந்துச்சு, அதைப் பார்த்துத்தான் இங்க வந்தேன். நாளும் கிழமையுமா வாடிக்கையை விசாரிக்கிற கடை, நல்ல கடையாத்தான் இருக்கும்னு தோணுச்சு. ஏன் தம்பி, கேக்கிறேனேன்னு நினைக்காதீங்க, உங்களுக்கு இந்த வெளிநாடு, துபாய், மஸ்கட், அப்படிப் போற எண்ணம் எதுவும்...

இல்லையா? கடையை விட்டுட்டு எங்கயும் போறதா இல்லையா? அம்மா அப்பா கூடத்தானா? எங்க, இங்கதானா, சொக்கலிங்கபுரத்துலயா? நடக்கிற தூரம்தான்.

நல்லது. ரொம்ப நல்லது. ஆமா, என் கண்ணுல தண்ணி வருது. புரை விழுந்த கண்ணு அப்படித்தான்.

என் ஃபோன்ல கதிரேசனை மட்டும் எப்படியாவது வர வச்சிருங்க தம்பி. நாலையும் நாளைக்கு வந்து வாங்கிக்கிறோம். நான் வரல, மாடி ஏற முடியல. எங்க வீட்ல அவுகளை அனுப்புறேன். வந்தா உட்கார வச்சு ரெண்டு வார்த்தை பேசுங்க. மில்லைப் பத்திக் கேளுங்க, மிளகாய் வத்தல் விலையைக் கேளுங்க. பேச ஆளில்லாம தவிச்சுக்கிட்டு இருக்காக. கேட்டா போதும், நல்ல மனுசன், உருகிருவாக. ஃபோன்ல ஜவ்வரிசி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிராதீங்க.

வாரேன். பையைக் குடுங்க. பொரி உங்களுக்குத்தான், வச்சுக்கங்க, பிரசாதம்.

அப்புறம், அவுக வர்றதுக்கு முன்னாடி கையில கட்டியிருக்கிற அந்த வாட்ச்சைக் கழட்டி டிராயர்ல வச்சிருங்க தம்பி. கறுப்பா, சதுரமா, எம் பொண்ணு கையில கிடக்கிற மாதிரியே இருக்கு, அதே வாரு. எனக்குத்தான் கண்ணுல புரை. அவுகளுக்கு நல்லாத் தெரியும்.